எழுதிக் கொடுத்துவிட்டு வருவது

அன்புள்ள அக்கா,

எனக்கு 42 வயது. சென்னையில் ஐ.டி. வேலை, 19 வருடம் ஆகிறது. மனைவிக்கு 38. இரண்டாவது குழந்தை பிறந்தபோது அவர் வேலையை விட்டுவிட்டார். மகளுக்கு 12, மகனுக்கு 7. அப்பா அம்மா மன்னார்குடி பக்கம் ஊரில் இருக்கிறார்கள். அப்பாவுக்கு 74.

வீட்டுக் கடன் முடிந்துவிட்டது. மியூச்சுவல் ஃபண்ட், பி.எஃப்., டெபாசிட் எல்லாம் சேர்த்து 2 கோடியே 25 லட்சம் இருக்கிறது. மாதச் செலவு 75,000, வருடத்துக்கு 9 லட்சம். கையிருப்பில் சரியாக 4 சதவீதம். வருடத்துக்கு 4 சதவீதம் எடுத்துச் செலவழித்தால் பணம் தீராது என்று படித்திருக்கிறேன். அடுத்த ஏப்ரலில் வேலையை விட்டுவிட நினைக்கிறேன். ஊருக்குப் போய் அப்பாவின் நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் யோசனையும் உண்டு. பொழுது போகாமல் தவிப்பேனோ என்ற பயமும் இருக்கிறது. ஒரு குடும்பஸ்தனுக்கு இது நடக்கிற காரியமா?

மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. கணக்கெல்லாம் உறுதியான பிறகு இன்ப அதிர்ச்சியாகச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பணத்தைப் பற்றி வரும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரி இல்லாவிட்டால் இதற்கும் எழுதியிருக்க மாட்டேன். வீடு மாற்றுவதற்காகப் பத்து நாளாகப் பரணைக் காலி செய்துகொண்டிருக்கிறேன். அதில் அம்மாவின் பழைய கணக்கு நோட்டுகள் ஒரு பெட்டி நிறையக் கிடைத்தன. அவற்றைப் படித்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில். இந்தத் தொகையில், இந்த வயதில், இந்தக் குடும்பத்தை வைத்துக்கொண்டு முடியாது.

நீங்கள் சொல்லும் 4 சதவீதக் கணக்கு வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. சேமிப்பில் பாதியைப் பங்குகளிலும் பாதியை அரசுப் பத்திரங்களிலும் போடுவது, முதல் வருடம் 4 சதவீதம் எடுப்பது, பிறகு விலைவாசி ஏற ஏற அந்தத் தொகையையும் ஏற்றிக்கொண்டு போவது. 1926-இலிருந்து அமெரிக்கச் சந்தையில் நடந்ததை வைத்துப் பார்த்தால், இப்படி எடுத்தவருக்கு 30 வருடம் பணம் தாங்கியிருக்கும் என்றார். முப்பது வருடம் என்பது அறுபதை ஒட்டி ஓய்வு பெறும் ஒருவருக்கான கணக்கு. உங்கள் மனைவி 90 வயது வரை இருந்தால் உங்கள் பணம் 52 வருடம் தாங்க வேண்டும். அதுவும் அமெரிக்க விலைவாசியில் அல்ல, நம்முடைய விலைவாசியில். வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் செலவு இரட்டிப்பாகும். இன்றைய 75,000, உங்கள் 54 வயதில் ஒன்றரை லட்சம், 66 வயதில் 3 லட்சம். சந்தை எடுத்த எடுப்பிலேயே சரிந்தால் நிலைமை இன்னும் மோசம். 2008 ஜனவரியில் 21,000 வரை போன சென்செக்ஸ் என்ற பங்குச் சந்தைக் குறியீடு அடுத்த வருடம் மார்ச்சில் 8,000 பக்கம் வந்து நின்றது. வேலையில் இருந்தவர்கள் காத்திருந்தார்கள். அந்த ஜனவரியில் வேலையை விட்டு, மாதாமாதம் விற்றுச் சாப்பிட வேண்டியிருந்தவர் என்ன செய்திருப்பார்?

நானாக இருந்தால் 3 சதவீதத்துக்கு மேல் தொட மாட்டேன். அப்படியானால் 9 லட்சத்துக்கு 3 கோடி வேண்டும். பிள்ளைகளின் கல்லூரிச் செலவு அதற்கு வெளியே. கம்பெனி கொடுக்கும் மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். அதில் உங்கள் அப்பா அம்மாவும் இருந்தால், 74 வயதில் அவருக்குத் தனியாகப் புது பாலிசி எடுக்கும்போது பிரீமியத்தைப் பார்த்து மலைத்துப் போவீர்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 3 வருடம் வரை காத்திருக்கவும் வைப்பார்கள். எப்போது வேலையை விட்டாலும் சரி, விடுவதற்கு முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற வழி கேளுங்கள்.

பொழுது போகுமா என்ற கவலையை விடுங்கள். இரண்டு பிள்ளைகளும் வயதான பெற்றோரும் இருக்கும் வீட்டில் பொழுது ஒரு பிரச்சினையே இல்லை. நிலத்தைப் பார்த்துக்கொள்வது பற்றி உங்கள் அப்பாவிடம் பேசுங்கள். மேட்டூரில் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று வருடா வருடம் காத்திருந்தவர் அவர். விவசாயம் ஓய்வா இல்லையா என்று என்னைவிட அவர் நன்றாகச் சொல்வார்.

சரி, இப்போது நான் எழுத வந்த விஷயம்.

2000-ஆம் வருடம் செப்டம்பரில் ஒரு புதன்கிழமை, காலை 11 மணிக்கு அப்பா வீட்டுக்கு வந்தார். எனக்குப் பதினான்கு வயது, காலாண்டு விடுமுறை. அம்பத்தூர் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர் அவர். அந்த நேரத்தில் அவரை நான் வீட்டில் பார்த்ததே இல்லை. ஒரு கையில் ஜிகினாத் தாள் சுற்றிய சுவர்க் கடிகாரம், இன்னொரு கையில் மஞ்சள் பை. பைக்குள் சந்தன மாலை.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டார்.

"எனக்குத்தான் மாலை. எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டேன்."

அந்தக் காலத்தில் அம்பத்தூரிலும் பாடியிலும் அப்படிச் சொன்னாலே போதும், வி.ஆர்.எஸ்., அதாவது விருப்ப ஓய்வு என்று எல்லோருக்கும் புரியும். அம்மாவுக்கும் புரிந்தது. ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வந்து, தரையில் உட்கார்ந்தார். அப்பாவுக்கு அன்று 47 வயது, அம்மாவுக்கு 40.

அப்பா கணக்குத் தெரியாதவர் இல்லை. கிராஜுவிட்டி, பி.எஃப்., வி.ஆர்.எஸ். தொகை மூன்றும் சேர்ந்து 9 லட்சம் வந்தது. அப்போது வங்கியில் 3 வருட டெபாசிட்டுக்கு 10 சதவீதம் வட்டி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 22,500 ரூபாய். வீட்டுச் செலவு மாதம் 6,500 தாண்டாது. மூன்று மாதத்துக்கு 3,000 மிச்சம் பிடிக்கலாம், முதலைத் தொடவே வேண்டாம். ஒரு டைரியின் கடைசிப் பக்கத்தில் இதையெல்லாம் எழுதி அடிக்கோடு போட்டு வைத்திருந்தார். உங்கள் எக்செல் தாளுக்கும் அந்தப் பக்கத்துக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டிலும் கூட்டல் பெருக்கல் சரியாக இருக்கிறது.

அம்மாவின் 2003-ஆம் வருட நோட்டு இப்போது என் மேசைமேல் இருக்கிறது. நீல அட்டை, எண்பது பக்கம். இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. அக்டோபர் வரைக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை "வட்டி 22,500" என்று ஒரே மாதிரி எழுதியிருக்கிறார். அந்த அக்டோபரில் டெபாசிட் முதிர்ந்தது. புதுப்பிக்கப் போனபோது வட்டி ஐந்தரை சதவீதம். அடுத்த நோட்டில், 2004 ஜனவரிப் பக்கத்தில் "வட்டி 12,375" என்று இருக்கிறது. அந்த எண்ணுக்குக் கீழே பேனாவை அழுத்தியதில் தாள் லேசாகக் கிழிந்திருக்கிறது.

அதே பக்கத்தில், அதற்கு அடுத்த வரியில், முதல்முறையாக ஒரு புது வரவு: "ஃபால்ஸ் 6 புடவை, 90." அக்கம்பக்கத்து வீடுகளில் புடவை வாங்கிவந்து ஃபால்ஸ் அடித்துக் கொடுக்க ஆரம்பித்திருந்தார். ஒரு புடவைக்கு 15 ரூபாய். பிறகு வரும் நோட்டுகளில் அந்த வரி எல்லா வாரமும் இருக்கிறது. எட்டு, பதினொன்று, தீபாவளி சமயம் நாற்பது.

வட்டி என்பது யாரும் நமக்கு எழுதிக் கொடுத்த சொத்து இல்லை, ஆர். பி.பி.எஃப். என்ற அரசு சேமிப்புத் திட்டத்துக்கு 2000 ஜனவரி வரைக்கும் 12 சதவீதம் கொடுத்தார்கள். 2020 ஏப்ரலிலிருந்து 7.1. அன்று 12-ஐ வைத்து ஆயுசுக்கும் கணக்குப் போட்டவர்கள் முட்டாள்கள் இல்லை, கண்ணால் பார்த்ததை வைத்துப் போட்டார்கள். நீங்களும் உங்கள் ஃபண்டுகள் கடந்த சில வருடங்களில் கொடுத்ததைப் பார்த்துப் போட்டிருக்கிறீர்கள். அது பொய்க்கும்போது, அந்தக் குறைவை வீட்டில் யார் நிரப்புவார் என்பதைத்தான் நான் கேட்கிறேன். எங்கள் வீட்டில் அம்மா நிரப்பினார். அப்பா 2004-இல் பாடியில் ஒரு ஹார்டுவேர் கடையில் ஸ்டோர் பார்க்கப் போனார், சம்பளம் 3,500. நான்கு வருடம் சும்மா இருந்தவருக்கு, 51 வயதில், பழைய உத்தியோகத்தை யார் கொடுப்பார்கள்?

அப்பாமேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. இருபத்தைந்து வருடம் ஷிஃப்ட் பார்த்த உடம்பு அது. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து, பகலில் ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டிவிட்டுத் தூங்குவார். உங்கள் களைப்பும் எனக்குத் தெரியும். என் தம்பியும் ஐ.டி.யில்தான் இருக்கிறான். இரவு 11 மணிக்கு அமெரிக்காக்காரனோடு பேசிவிட்டு, தூக்கம் வராமல் மொட்டை மாடியில் நடப்பான். நாற்பதைத் தாண்டியவனை எப்போது வேண்டுமானாலும் அனுப்பிவிடுவார்கள் என்று பயப்படுகிறான். நீங்கள் இவ்வளவு சேர்த்தது பெரிய காரியம். அந்தப் பயத்தின் நடுவே ராத்திரி நிம்மதியாகக் கண்ணை மூட அந்தப் பணம் உதவும். ஆறு வருடம் அதைத் தொடாமல் விட்டு, சம்பளம் பாதியானாலும் பரவாயில்லை என்று இலகுவான ஒரு வேலைக்கு மாற முடியுமா என்று பாருங்கள். மகள் பிளஸ் டூ முடித்திருப்பாள். அப்புறம் மறுபடி உட்கார்ந்து கணக்குப் போடலாம்.

ஆனால் மனைவியிடம் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே தம்பி, அதை என்னால் விட முடியவில்லை.

இன்ப அதிர்ச்சியா? அவருக்கு எது இன்பம் என்று நினைத்தீர்கள்? ஏழு வருடத்துக்கு முன் அவர் வேலையை விட்டபோது உங்கள் இருவருடைய வாழ்க்கையையும் நினைத்துத்தானே விட்டார்? உங்கள் சம்பளம் தொடர்ந்து வரும் என்று நம்பித்தான் தன் சம்பளத்தை விட்டுக்கொடுத்தார். அந்த நம்பிக்கையின் அடிமரத்தை வெட்டும் முடிவை அவரிடம் கேட்காமல் எடுக்க உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? உங்கள் மாதச் செலவு 75,000-இல் நிற்கிறதே, அது எப்படி நிற்கிறது? இரண்டு பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுப்பவர் யார்? சமையலுக்கு ஆள் வைக்காமல் வீடு எப்படி நடக்கிறது? உங்கள் எக்செல்லில் அந்த உழைப்புக்கு ஒரு வரிகூட இருக்காது என்று நினைக்கிறேன். ஏப்ரலில் நீங்கள் ஓய்வு பெற்றால் அவருக்கு ஒரு வேளைச் சமையல் கூடும், வேறு என்ன மாறும்?

உங்களைவிட நான்கு வயது சிறியவர். பெரும்பாலும் உங்களுக்குப் பிறகும் பல வருடம் இருக்கப்போகிறவர். அந்த 52 வருடக் கணக்கின் கடைசிப் பக்கங்களில் தனியாக உட்கார்ந்திருக்கப்போவது அவர்தான்.

அப்பா 2011-இல் போனார். மிச்சம் இருந்த டெபாசிட்டுகள் அவர் பெயரில் மட்டுமே இருந்தன, நாமினியும் போடவில்லை. வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா அலுவலகத்துக்கும் வங்கிக்குமாக நானும் அம்மாவும் ஐந்து மாதம் அலைந்தோம். வங்கியில் ஒரு நாள், "எந்தெந்தக் கிளையில் எவ்வளவு இருக்கிறது என்று வீட்டுக்காரர் உங்களிடம் சொல்லவில்லையாம்மா?" என்று கேட்டார்கள். அம்மா தன் பையிலிருந்த நோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். வந்த வட்டி ஒவ்வொன்றும் அதில் இருந்தது. எங்கிருந்து வந்தது என்று மட்டும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. விதவைப் பென்ஷனாக இ.பி.எஃப்-இலிருந்து மாதம் ஆயிரத்துச் சொச்சம் வருகிறது. அப்பாவின் 9 லட்சத்தில் இன்று ஒரு ரூபாயும் இல்லை. அம்மாவுக்கு 65 வயது. நன்றாக இருக்கிறார். இன்னும் இருபத்தைந்து வருடம் இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் தூங்கிய பிறகு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மனைவி பக்கத்தில் போய் உட்காருங்கள். ஒவ்வொரு ஃபண்டையும் காட்டுங்கள். அவர் கேள்வி கேட்டால் எரிச்சல்படாமல் பதில் சொல்லுங்கள். தானும் மறுபடி வேலைக்குப் போகலாமா என்று அவர் கேட்கக்கூடும். அல்லது, நீங்கள் ஒரு வருடம் சம்பளமில்லா விடுப்பு எடுங்கள், சமாளிக்கலாம் என்று அவரே சொல்லக்கூடும். என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது.

நேற்று ராத்திரி உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். 4 சதவீதம், 2 கோடி எல்லாவற்றையும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், "அந்தப் பொண்ணுக்கு என்ன வயசுன்னு சொன்னே?" என்றார்.

"முப்பத்தெட்டு."

கொஞ்ச நேரம் கழித்து, "அவ பேர்ல எவ்வளவு போட்டிருக்கானாம்?" என்று கேட்டார்.

உங்கள் கடிதத்தில் திரும்பத் தேடிப் பார்த்தேன், அது இல்லை. எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா