மாசிக் கருவாடு மணக்கும் ஜப்பான் ஊரில் ஒரு கீழக்கரை டீச்சர்: வாசகர் கேள்வி பதில்

நான் கீழக்கரைக்காரி. ஜப்பானில் ஐந்து வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். அதில் நாலு வருடம் நாட்டின் தென்கோடிப் பக்கம், ககோஷிமா மாநிலத்தில் மகுராசாகி என்ற மீன்பிடித் துறைமுக ஊரில். மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்து ஊர் வந்துவிட்டேன். அதைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்கம் எழுதினேன். தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை கரையோரம் முழுக்கக் கடிதம் போட்டிருக்கிறீர்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வெள்ளைக்காரர்களைத்தானே எடுப்பார்கள்? நான் பத்தாம் வகுப்பு வரை தமிழ் மீடியம், இப்போது பி.ஏ. ஆங்கிலம் கடைசி வருடம். எனக்குக் கிடைக்குமா?
– கல்லூரி மாணவி, தேவிபட்டினம்

தங்கச்சி, தோல் நிறம் பற்றி விசா விதியில் ஒன்றும் இல்லை. ஆனால் வேறொன்று இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் மொழி கற்பிக்கும் விசாவுக்குப் பட்டம் மட்டும் போதாது. எந்த மொழியைக் கற்பிக்கப் போகிறோமோ அந்த மொழி வழியாகவே 12 வருடம் படித்திருக்க வேண்டும். எனக்கு எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம், அதனால் தப்பித்தேன். உனக்குப் பிளஸ் ஒன்னிலிருந்து எண்ணினாலும் பட்டம் வாங்கும்போது ஐந்து வருடம்தான் சேரும். இதைச் சொல்லாமல் முன்பணம் கேட்கிற ஏஜென்ட் யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடு.

தனியார் பேச்சுப் பயிற்சிப் பள்ளிகளுக்கு விசா வகை வேறு. அங்கே பட்டம் முக்கியம். ஆனால் எடுக்கிற முதலாளிகள் பலரும் அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா ஆட்களைத்தான் தேடுகிறார்கள். எனக்கே மூன்று இடத்திலிருந்து பதில் வரவில்லை. வெளிநாட்டு ஆட்களைப் பள்ளிகளுக்கு ஆங்கிலத் துணையாசிரியராக எடுக்க ஜப்பான் அரசு நடத்தும் ஜெட் திட்டம் 1987-இல் தொடங்கியது. அதற்குத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும், ஒவ்வொரு வருடமும் அறிவிப்பைப் பார்த்துக்கொள்.

ஜப்பான்தான் போக வேண்டும் என்றால் இன்னொரு வாசலும் இருக்கிறது. முதியோர் பராமரிப்பு போன்ற வேலைகளுக்கு 2019-இல் ஒரு புதிய விசா வகை கொண்டுவந்தார்கள், இந்தியாவும் 2021-இல் அதில் ஒப்பந்தம் போட்டது. அதற்கு ஆங்கிலம் வேண்டாம், ஜப்பானிய மொழித் தேர்வும் தொழில் தேர்வும் எழுத வேண்டும். மூன்றாம் வருடத்தில் இருக்கிறாய், எழுத்துகளை இன்றைக்கே ஆரம்பி.

மகள் போகணும்னு ஒத்தைக் காலில் நிற்கிறாள். கையில் எவ்வளவு நிற்கும்?
– விசைப்படகு ஓட்டுபவர், மண்டபம்

அண்ணே, எனக்கு மாதம் 2,30,000 யென். யென் நம் ரூபாயைவிட மதிப்புக் குறைந்தது, அன்றன்றைய விலைக்குக் கணக்குப் போடுங்கள். அதில் ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, வருமான வரி எல்லாம் பிடித்துக்கொள்வார்கள். சின்ன ஊர் என்பதால் என் வாடகை 40,000-க்குள் அடங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பில்லில் நூற்றுக்கு முப்பதுதான் நம் கையிலிருந்து.

இரண்டு இடத்தில் பணம் உறுத்தும். குடியிருப்பு வரி என்று ஒன்று. முந்தின வருட வருமானத்தை வைத்துப் போடுவதால் முதல் வருடம் அது கண்ணிலேயே படாது. இரண்டாம் வருடம் ஜூன் மாதம் வந்து நிற்கும். அடுத்தது ஆகஸ்ட். முதல் வருடம் நான் வேறோர் ஊரில், பள்ளிகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு நிறுவனம் மூலம் வேலை பார்த்தேன். பள்ளி விடுமுறை என்று சொல்லி ஆகஸ்டில் பாதிச் சம்பளம்தான் போட்டார்கள். ஒப்பந்தத்தில் அது இருந்தது, நான்தான் வாசிக்காமல் விட்டேன். அந்த மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியாமல் வாப்பாவிடம் போனில் பேசிய பேச்சு இன்னும் மறக்கவில்லை. மகள் கையெழுத்துப் போடுமுன் ஆகஸ்ட் சம்பளம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

ஜப்பான் பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள் என்கிறார்களே. எப்படிப் பேச வைத்தீர்கள்?
– அரசுப் பள்ளி ஆங்கில ஆசிரியை, ராமநாதபுரம்

டீச்சர், இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

அங்கே மூன்றாம் வகுப்பில் ஆங்கிலம் பாட்டும் விளையாட்டுமாகத் தொடங்குகிறது. 2020 ஏப்ரலிலிருந்து ஐந்தாம் வகுப்பில் மதிப்பெண்ணோடு கூடிய பாடம். வகுப்பு ஜப்பானிய ஆசிரியருடையது, நான் துணை. வாசித்துக் காட்டுவது, பேசிக் காட்டுவது, பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவது, எல்லாம் என் வேலை.

போன புதிதில் நான் அமெரிக்கக்காரி மாதிரி நாக்கைச் சுழற்றிப் பேசினேன். அப்படித்தான் எதிர்பார்ப்பார்கள் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டார்கள். ஒரு வார்த்தை திரும்ப வரவில்லை.

ஒருநாள் நாலாம் வகுப்பில் மதியச் சாப்பாடு. ஆளுக்கு 200 மில்லி பால் பெட்டி. பக்கத்தில் இருந்த பையன் பெட்டியைத் தூக்கிக் காட்டி "மிருக்கு" என்றான். நான் "மில்க்" என்றேன். அவன் மறுபடியும் "மிருக்கு". எனக்குச் சட்டென்று உம்மா ஞாபகம். "மில்க்கு பாக்கெட் ஒண்ணு வாங்கிட்டு வாம்மா" என்பார்கள். ஜப்பானிய எழுத்து ஏறக்குறைய எல்லாமே உயிரோசையில்தான் முடியும். மெய்யெழுத்தைத் தனியாக விட அவர்கள் நாக்குக்கு முடியாது. டெஸ்க் அங்கே 'தெசுக்கு'. நாமும் பஸ்ஸு, பேங்க்கு, இஸ்கூலு என்றுதானே வளர்ந்தோம்?

உள்ளங்கையைத் தாடைக்கு அடியில் வைத்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். 'மிருக்கு' என்றால் தாடை மூன்று தடவை கையில் இடிக்கிறது. உம்மாவின் 'மில்க்கு'வுக்கு இரண்டு தடவை. 'மில்க்' என்றால் ஒரே தடவை. பையன் என்னைப் பார்த்தான், பால் ஒட்டின மேலுதட்டோடு அவனும் கையை வைத்தான். மூன்று, மூன்று, இரண்டு, மூன்று. பிறகு ஒன்று! தட்டு எடுக்கிற நேரத்துக்குள் ஆறேழு பிள்ளைகள் தாடையில் கை வைத்துக்கொண்டு 'மில்க்' சொல்லிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் வகுப்பாசிரியர் அதைக் கரும்பலகையிலேயே எழுதிப் பாடமாக்கினார்.

அன்றோடு அமெரிக்க நாக்கை விட்டுவிட்டேன். ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவருக்கு அந்த 'உ' எங்கிருந்து முளைக்கிறது என்று தெரிய வாய்ப்பில்லை. நமக்குத் தெரியும், அது நம் வாயிலும் இருக்கிறது. நம் பிள்ளைகளிடமும் செய்து பாருங்கள் டீச்சர், கண்ணாடிகூட வேண்டாம்.

எல்லாம் இப்படிக் கைகூடியது என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்கு ர, ல இரண்டும் ஒரே ஓசை. நாலு வருடம் முயன்றும் 'ரைஸ்' பலருக்கு 'லைஸ்'தான். இன்னொன்று, அங்கே தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற கூச்சம் அதிகம். எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டால் கண் கலங்குகிற பிள்ளைகள் உண்டு. முதலில் பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லவிட்டு, பிறகு வகுப்பே சேர்ந்து சொல்லி, கடைசியில்தான் தனியாக.

தமிழிலிருந்துதான் ஜப்பானிய மொழி வந்தது என்று மேடையில் பேசுகிறார்கள். உண்மையா?
– தமிழாசிரியர், தொண்டி

ஐயா, சுசுமு ஓனோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் இரண்டுக்கும் உறவு உண்டு என்று பல வருடம் எழுதினார். மொழியியல் அறிஞர்கள் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. நான் கண்டதை மட்டும் சொல்கிறேன். வாக்கிய அமைப்பு நம்முடையது போலவே, வினை கடைசியில், வேற்றுமை உருபு சொல்லுக்குப் பின்னால். எழுத்து வரிசை அ, இ, உ, எ, ஒ, பிறகு க, ச, த, ந என்று போகும். இந்த வரிசை பௌத்தத்தோடு போன சமஸ்கிருத எழுத்துமுறையின் வழி வந்தது. தமிழ் தெரிந்தவருக்கு அந்த மொழி பேச வருவது சுலபம், வாசிக்க வருவதுதான் கடினம். பெருமைக்கு இது போதும் என்பது என் எண்ணம்.

சோற்றுக்கு என்னம்மா செய்தாய்? ஹலாலும் பார்க்கணுமே.
– இல்லத்தரசி, கீழக்கரை

லாத்தா, மகுராசாகி நம் ராமேஸ்வரம் மாதிரி. ரயில் பாதை அங்கே முடிந்துவிடும், அதற்கப்பால் கடல். முதல் நாள் ஸ்டேஷனில் இறங்கி நின்றேன். காற்றில் விறகுப் புகையும் மீனும் கலந்து ஒரு வாசம். நம் வீட்டு அடுக்களையில் நிற்கிற மாதிரி இருந்தது. அது மாசி வாசம்.

ஆமாம், மாசிதான். அவர்கள் கட்சுவோபுஷி என்கிறார்கள். சூரை மீனை வெட்டி அவித்து, முள் எடுத்து, விறகுப் புகையில் திரும்பத் திரும்பக் காட்டிக் காய வைக்கிறார்கள். ஜப்பானிலேயே அதற்குப் பேர்போன ஊர்களில் ஒன்று அது. மாலத்தீவு மாசியும் அவித்து, புகை காட்டி, காய வைப்பதுதானே. உசத்தி ரகத்துக்கு மட்டும் மேலே ஒரு பூஞ்சை பிடிக்கவிட்டு, வெயிலில் வைத்து எடுத்து, மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அதில் இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் மரக்கட்டை போல 'டிங்' என்று கேட்கும். நாம் இடிக்கிறோம், அவர்கள் தச்சர் இழைப்புளி மாதிரி ஒரு பெட்டியில் சீவுகிறார்கள். சுருள் சுருளாக ரோஜா நிறத்தில் விழும். அதை வெந்நீரில் போட்டு எடுத்த சாறுதான் அவர்கள் குழம்புக்கெல்லாம் அடி. சைவக்காரர்கள் அங்கே திண்டாடுவது இதனால்தான், காய்கறிக் குழம்பிலும் மீன் இருக்கும்.

நான் அதை உரலில்லாமல் மிக்சியில் பொடித்து, காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப்பூ சேர்த்து மாசிச் சம்பல் செய்தேன். அடுத்த வீட்டு அம்மா எண்பதைத் தாண்டியவர், முப்பது வருடம் அந்த மாசிக் கொட்டகையில் வேலை பார்த்தவர். ஒரு வாய் சோற்றோடு சாப்பிட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை, கிண்ணத்தை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டார்.

ஹலால் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். ககோஷிமா கருப்புப் பன்றி இறைச்சிக்குப் பேர் வாங்கிய இடம், பள்ளிச் சாப்பாட்டில் அடிக்கடி வரும். மிரின் என்ற சமையல் மது குழம்பில் இருக்கும். ரொட்டியில் பன்றிக் கொழுப்பு, இனிப்பில் ஜெலட்டின் இருக்கலாம். பன்றி, மது என்கிற இரண்டு சித்திர எழுத்தைத்தான் முதலில் மனப்பாடம் செய்தேன். மாதாமாதம் என்ன சமையல், அதில் என்னென்ன சேர்கிறது என்று பள்ளியில் தாள் கொடுப்பார்கள். அதைப் பார்த்து முக்கால்வாசி நாள் டிபன் பாக்ஸ் கொண்டுபோனேன். நோன்புக்குக் கடல்பாசி குறையே இல்லை. அதன் பெயர் அங்கே கந்தேன், எந்தக் கடையிலும் கிடைக்கும்.

முக்காடு போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போக விட்டார்களா?
– பெயர் வேண்டாம், பனைக்குளம்

விட்டார்கள். தலைமையாசிரியர் முதல் நாளே கூப்பிட்டு, இது பற்றிப் பிள்ளைகள் கேட்டால் நீங்களே சொல்கிறீர்களா, நாங்கள் சொல்லட்டுமா என்று கேட்டார். நானே சொன்னேன். பிள்ளைகள் கேட்டது ஒன்றுதான்: வேர்க்காதா?

1964 புயலின்போது எனக்கு ஆறு வயது. நிலநடுக்கமும் சூறாவளியும் உள்ள நாட்டில் பயமில்லாமல் எப்படி இருந்தீர்கள்?
– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், ராமேஸ்வரம்

பயம் இருந்தது ஐயா. நான் இருந்த ஊரின் பெயரிலேயே ஒரு புயல் இருக்கிறது, 1945 செப்டம்பர் 17 மகுராசாகிப் புயல். போர் முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. தகவல் தொடர்பு எல்லாம் நாசமாகிக் கிடந்ததால் எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. இறந்தவர்கள், காணாமல் போனவர்கள் 3,700 பேருக்கு மேல். அதிகம் பேர் இறந்தது குண்டு விழுந்த ஹிரோஷிமா பக்கம்.

இதை எனக்குச் சொன்னது அதே அடுத்த வீட்டு அம்மாதான், அவருக்கு அவர் தாய் சொன்னது. நான் போனில் தனுஷ்கோடிப் படத்தைக் காட்டினேன், கூரை போன மாதா கோயிலை. அந்த டிசம்பர் 22 இரவு, பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலோடு அத்தனை பேரும் போனதைச் சொன்னேன். அவர் படத்தைப் பெரிதாக்கச் சொல்லி, சுவரில் விரலை வைத்து, "பிறகு அங்கே ஊர் கட்டவில்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். வெகு நேரம் போனைத் திருப்பித் தரவில்லை.

பயத்துக்கு அவர்கள் செய்வது ஒத்திகை. 1923 கந்தோ நிலநடுக்கம் நடந்த செப்டம்பர் 1 அங்கே பேரிடர்த் தற்காப்பு நாள். ஒலிபெருக்கி கூவினதும் பிள்ளைகள் மேசைக்கடியில் போய் அதன் காலைப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு 'ஓ-ஹா-ஷி-மோ': தள்ளாதே, ஓடாதே, பேசாதே, திரும்பிப் போகாதே. நாலு விதிகளின் முதல் எழுத்து அது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். கடலை ஒட்டிய நம் பள்ளிகளில் கடைசி விதியையாவது சொல்லிக்கொடுத்தால் நல்லது. புத்தகப் பையை எடுக்கத்தான் பிள்ளைகள் திரும்பி ஓடும்.

ஜப்பான்ல பிள்ளைங்களே ஸ்கூலைக் கூட்டுவாங்களாமே, நெஜமா?
– ஐந்தாம் வகுப்பு மாணவி, ஏர்வாடி

நிஜம்தான் கண்ணு. சாப்பிட்டு முடிந்ததும் பாட்டு போடுவார்கள். எல்லாரும் தலையில் துணி கட்டிக்கொண்டு வந்து, மேசைகளைப் பின்னால் தள்ளி, கூட்டி, ஈரத்துணியால் தரையைத் துடைப்பார்கள். தாழ்வாரத்தில் நாலைந்து பேர் வரிசையாகக் குனிந்து, இரண்டு கையையும் துணிமேல் வைத்துக்கொண்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே ஓட்டம். டீச்சரும் துடைக்கணும். நானும் ஓடினேன், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்கூட என்னை ஜெயித்துவிடுவார்கள்.