மெட்டாஃபேஸ் 1, 2: ஸ்லைடில் பிரித்தறிவது எப்படி?

மஞ்சக்குப்பம் தம்பிக்கு: வெங்காயப் பூமொட்டு ஸ்லைடில் மியாசிஸின் (குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பிரிவு) மெட்டாஃபேஸ் 1, 2 (குரோமோசோம்கள் செல்லின் நடுவில் நிற்கும் நிலைகள்) இரண்டும் ஒரே மாதிரி தெரிகின்றன என்று கேட்டிருந்தீர்கள்.

பெயரை விடுங்கள், முதலில் எண்ணுங்கள். வெங்காயத்துக்கு 16 குரோமோசோம். மெட்டாஃபேஸ் 1-இல் அவை 8 ஜோடிகளாக நடுவில் நிற்கும். கயாஸ்மா (ஜோடிக் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டு ஒட்டியிருக்கும் இடம்) பிடித்துவைத்திருப்பதால் ஜோடி ஒவ்வொன்றும் வளையமாகவோ சிலுவையாகவோ தெரியும். மெட்டாஃபேஸ் 2-இலும் ஒரு செல்லுக்கு எட்டுதான், ஆனால் ஜோடியில்லாமல். அதோடு பக்கத்துப் பக்கத்தில் இரண்டு செல்கள் இருக்கும், நடுவே செல்சுவரும் விழுந்திருக்கும். அந்தச் சுவரைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

பரீட்சையில் மார்க் போவது, குரோமோசோம்கள் துருவங்களுக்கு விலகிப் போகும் அனாஃபேஸில்தான். 1-இல் சென்ட்ரோமியர் (குரோமோசோமின் இரு இழைகளான குரோமாட்டிடுகளை இணைக்கும் இடம்) பிளக்காது. முழுக் குரோமோசோம், தன் இரண்டு குரோமாட்டிடோடு, அப்படியே துருவத்துக்குப் போகும். எண்ணிக்கை பாதியாவது இங்கேதான், பலர் 2-இல் என்று எழுதுகிறார்கள். 2-இல் சென்ட்ரோமியர் பிளந்து குரோமாட்டிடுகள் பிரியும், மைட்டாசிஸ் (உடல் செல்களின் சாதாரணப் பிரிவு) போலவே. இவற்றுக்கு முந்தைய புரோஃபேஸ் 1-க்கு, அதன் பாக்கிட்டீன் கட்டத்தில் குறுக்கேற்றம் (ஜோடிகள் துண்டு மாற்றிக்கொள்வது), அடுத்த டிப்ளோட்டீன் கட்டத்தில் கயாஸ்மா தெரியும், இவ்வளவு போதும்.

அப்புறம், வீட்டுத் தொட்டியில் இருக்கிறதே என்று ரியோ என்ற அலங்காரச் செடியின் மொட்டை எடுக்காதீர்கள். அதில் 12 குரோமோசோமும் ஒன்றோடொன்று கோத்து வளையமாகிவிடும். ஜோடியைத் தேடியே நேரம் போய்விடும். வெங்காயத்திலும் விரியாத சின்ன மொட்டாகப் பாருங்கள். பெரிய மொட்டில் மகரந்தமே முற்றியிருக்கும்.