பழைய நாகஸ்வரத்துக்கு எந்த ஹெட்போன்?

கேள்வி: ஐயா, பணி ஓய்வு பெற்றவன். ராத்திரி நேரத்தில் டி.என். ராஜரத்தினம் பிள்ளை காலத்துப் பழைய நாகஸ்வரப் பதிவுகளைக் கேட்பேன். சென்ஹைசர் எச்.டி. 800 எஸ், ஆடஸி எல்.சி.டி. எக்ஸ் இரண்டில் எது நல்லது, எது நாள்பட உழைக்கும்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: கேட்கும்போது தலைக்கு மேல் ஃபேன் ஓடுமா? இரண்டுமே ஓப்பன் பேக். காதுக்கூட்டின் வெளிப்புறம் வெறும் வலைதான் என்பதால் ஃபேன் சத்தம் அப்படியே உள்ளே வரும், பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் நாகஸ்வரம் கேட்கும். அதற்குச் சம்மதம் என்றால் மேலே படியுங்கள்.

800 எஸ்-இன் பெருமை அது விரிக்கிற இடம். 56 மி.மீ. டிரைவரை, அதாவது ஒலி எழுப்பும் பாகத்தை, காதிலிருந்து தள்ளிச் சாய்வாக வைத்திருப்பதால், பிரகாரத்தில் நாலு தூண் தள்ளி நின்று கேட்பது போல சுருதி பிடிக்கிற ஒத்து ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம் என்று பிரிந்து கேட்கும். 2009-இல் வந்த பழைய 800-இல் 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒலி தூக்கலாகி ஒரு மேடு உண்டு, மேல் ஸ்தாயியில் காது கூசும். எஸ் மாடலில் அதை அடக்கியிருக்கிறார்கள். எல்.சி.டி. எக்ஸ் பிளேனர் வகை. காந்தங்களை ஒட்டி மெல்லிய படலம் முழுசாக அசைவதால் பாஸ் ஆழம் வரை தளராமல் இறங்கும், தவிலின் தொப்பிப் பக்கத்தில் கழி விழுகிற அடியும் வலந்தலைப் பக்கத்தில் கூடு போட்ட விரல் விழுவதும் ஒன்றோடொன்று குழம்பாது.

ஆனால் நீங்கள் கேட்பது 78 சுற்று இசைத்தட்டுக் காலத்துப் பதிவுகள். அவை மோனோ, ஒரே தடத்தில் பதிந்தவை, அதில் இடம் வலம் என்பதே கிடையாது. ஆழமான பாஸும் அந்தத் தட்டுகளில் ஏறவில்லை. பதிவில் இல்லாததை எத்தனை லட்சம் கொடுத்தாலும் எந்த ஹெட்போனும் தராது. அந்தப் பதிவுகளின் உயிர் நடு ஸ்தாயியில் இருக்கிறது, அதற்கு 1997-இல் வந்த சென்ஹைசர் எச்.டி. 600 தாராளமாகப் போதும் என்பது என் தீர்மானமான கருத்து.

உழைப்புக்கும் அதையே சொல்வேன். எல்.சி.டி. எக்ஸ் உலோகக் கட்டு, பார்க்கவே கம்பீரம், ஆனால் 612 கிராம், ஒரு ஆலாபனை முடிவதற்குள் கழுத்து சொல்லிவிடும். 800 எஸ் 330 கிராம், 600 வெறும் 260. நம் டெல்டாப் புழுக்கத்தில் முதலில் போவது காதுப் பஞ்சுதான். என் பழைய ஹெட்போன் ஒன்றில் பஞ்சைக் கழற்றியபோது, உள்ளேயிருந்த ஸ்பாஞ்ச் கரித்தூள் மாதிரி விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. பஞ்சு அமுங்கினால் டிரைவர் காதுக்கு நெருங்கி ஒலியும் மாறிவிடும். 600-இல் பஞ்சு, ஒயர், வலை எல்லாவற்றையும் கையாலேயே கழற்றி மாற்றலாம்.

அப்புறம், 600-உம் 800 எஸ்-உம் 300 ஓம் மின்தடை உள்ளவை. போனில் நேராகச் செருகினால் சத்தம் மெலிந்துதான் வரும், அதனால் பட்ஜெட்டில் ஒரு ஆம்புக்கும் (ஒலிபெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) பணம் ஒதுக்கி வையுங்கள்.