கிதார் பாப்: எங்கே தேடுவது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பெரிய கம்பெனிகளைச் சாராமல் வெளிவரும், கிதாரை மையமாகக் கொண்ட கிதார் பாப் இசை பற்றி நீங்கள் அவ்வப்போது எழுதும் குறிப்புகள் வழியாகத்தான் ஆக்லாந்தின் பெத்ஸ் குழு எனக்கு அறிமுகமானது. கொஞ்ச நாள் வேறெதையும் கேட்கத் தோன்றவில்லை. அதேபோல இன்னும் வேண்டும் என்று இசைச் செயலியில் தேடினால், நாலைந்து நாளில் அது ஒரே வட்டத்தில் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. கேட்ட பெயர்களையே மாற்றி மாற்றிப் போடுகிறது. உலகம் முழுக்க இவ்வளவு வெளியாகிறது என்கிறார்களே, அதில் எனக்கானதை எங்கே போய்த் தேடுவது?

இன்னொன்று. இசை தெரிந்த நண்பர் ஒருவர், "இதெல்லாம் எண்பதுகளிலேயே செய்து முடித்தாயிற்று, இப்போது வருவது நகல்" என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்புடன்,
(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

செயலி வட்டமடிப்பதில் வியப்பில்லை. இந்தப் பாட்டைக் கேட்டவர்கள் வேறு எதையெல்லாம் கேட்டார்கள் என்ற கணக்கைத்தான் அது பெரும்பாலும் நம்பியிருக்கிறது. போன வாரம் வெளியாகி, இன்னும் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே கேட்ட பாட்டைப் பற்றி அதனிடம் கணக்கே இருக்காது. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், பன்னிரண்டு மாதங்களில் 1000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவு உரிமைத்தொகை கிடையாது. நீங்கள் தேடுகிற குழுக்களில் பல அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கின்றன.

நான் ஆட்களைப் பின்தொடர்கிறேன். ஒரு பாட்டு பிடித்துவிட்டால் அதில் யார் வாசித்தார், யார் பதிவு செய்தார், எந்த லேபிள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனம், வெளியிட்டது என்று பார்ப்பேன். அங்கிருந்து நூல் பிடித்துப் போனால் சில சமயம் ஒரு ஊரே கிடைக்கும்.

பெத்ஸ் பிடித்தது என்கிறீர்கள். அதே நியூசிலாந்திலிருந்து ஒரு பழைய உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். டனீடின் நகரத்துக் குழுவான கிளீன் 1981இல் 'டாலி ஹோ' என்று ஒரு சிங்கிள் (தனிப்பாட்டுத் தட்டு) வெளியிட்டது. கிறைஸ்ட்சர்ச்சில் ரோஜர் ஷெப்பர்ட் அந்த ஆண்டுதான் தொடங்கியிருந்த ஃப்ளையிங் நன் லேபிளின் ஆரம்ப வெளியீடுகளில் ஒன்று. பதிவுச் செலவு நூறு டாலர்கூட இல்லை. ஆனாலும் நாட்டின் விற்பனைப் பட்டியலில் 19ஆம் இடம் வரை போனது. அதைக் கேட்டால் கிதாருக்கு முன்னால் ஒரு ஆர்கன் துள்ளிக்கொண்டு நிற்பது காதில் விழும். வாசித்தவர் அந்தக் குழுவின் ஆள் இல்லை, மார்ட்டின் ஃபிலிப்ஸ். அவர் யாரென்று பார்த்தால் சில்ஸ் என்ற குழுவை நடத்தியவர். சில்ஸைத் தேடினால் 1982இல் வந்த 'டனீடின் டபுள்' தொகுப்பு கிடைக்கும். அதில் இரண்டு இசைத்தட்டுகள், தட்டின் பக்கத்துக்கு ஒன்றாக நான்கு குழுக்கள். பதிவு செய்தது கிறிஸ் நாக்ஸிடம் இருந்த நான்கு தட டேப் மெஷினில். நாக்ஸின் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் இன்னொரு கிளை. கிளீனில் பாஸ் கிதார் வாசித்த ராபர்ட் ஸ்காட்டைப் பிடித்தால் பேட்ஸ் என்ற அருமையான குழு. ஆர்கன் வாசித்தவர் யார் என்ற ஒற்றைக் கேள்வி இவ்வளவு தூரம் கொண்டுபோய் விடுகிறது.

புதிய வெளியீடுகளுக்கும் இதே வழிதான். சான் பிரான்சிஸ்கோவின் சிண்டி குழுவைக் கேளுங்கள். மெல்ல நடக்கும் கிதார், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல ஒரு குரல். அந்தக் குரல் கரீனா கில்லுடையது. அவரே ஃப்ளவர்டவுன் என்ற இரட்டையர் குழுவிலும் இருக்கிறார். அதில் கூட வாசிப்பவர் டோனி ஜே என்ற பெயரில் தனியாகவும் பாட்டு வெளியிடுகிறார். ஃப்ளவர்டவுனின் கேசட்டை வெளியிட்டது பெய்ஸ்லி ஷர்ட் என்ற மிகச் சிறிய லேபிள். அதன் பக்கத்துக்குப் போனால் அந்த ஊரில் ஒருவரையொருவர் தெரிந்த ஒரு கூட்டமே அங்கே இருக்கிறது. எந்தப் பத்திரிகையும் எனக்கு இந்த வரைபடத்தைக் கொடுக்கவில்லை. பதிவுக் குறிப்பில் இருந்த பெயர்களே போதுமானதாக இருந்தன.

லேபிளைப் பின்தொடரச் சொல்வதற்குக் காரணம், சின்ன லேபிள் என்பது பெரும்பாலும் ஒருவர் அல்லது இருவருடைய ரசனை. பிரிஸ்டலில் கிளேர் வாட்டும் மேட் ஹெய்ன்ஸும் 1987இல் தொடங்கிய சாரா ரெக்கார்ட்ஸ் அப்படித்தான் இருந்தது. 1995இல் வெளியீட்டு எண் 100 வந்ததும் தாங்களாகவே மூடிவிட்டார்கள். இன்று ஓக்லாண்டிலிருந்து இயங்கும் ஸ்லம்பர்லேண்ட் 1989இல் தொடங்கியது, இன்னும் புதிய குழுக்களை வெளியிட்டுக்கொண்டிருக்கிறது. மாட்ரிட்டின் எலஃபன்டும் 1989தான். ஸ்லம்பர்லேண்டில் அம்ப்ரெல்லாஸ் உங்களுக்குப் பிடித்தால், அடுத்து அங்கிருந்து வருவதைப் பெயர் தெரியாமலே கேட்கலாம். எல்லாம் பிடிக்காது. ஆனால் பிடிக்காததும் வீணான நேரமாக எனக்குத் தோன்றியதில்லை.

குழுக்களே நேரடியாகப் பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் தளம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆல்பத்தின் படத்தை ஒட்டி அதை வாங்கியவர்களின் சிறிய முகப்படங்கள் வரிசையாக இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? சிலர் தங்களுக்குப் பிடித்த பாட்டையும் ஓரிரு வரியும் எழுதியிருப்பார்கள். உங்கள் மனதில் இருந்ததையே எழுதியவர் ஒருவர் கண்ணில் படுவார். அவர் படத்தைத் தட்டினால் அவர் வாங்கிய மொத்தச் சேகரிப்பும் விரியும். முகம் தெரியாத அந்த ஆள் காசு கொடுத்துத் தேர்ந்தவை அவை. எனக்கு நல்ல குழுக்கள் அதிகம் கிடைத்தது இந்த வழியில்தான். ஊர்ப் பெயரைக் குறிச்சொல்லாக இட்டும் அங்கே தேடலாம்.

வாங்கும்போது ஒன்று. டிஜிட்டல் விற்பனையில் அந்தத் தளம் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. 2020 மார்ச் முதல், அவர்கள் அறிவிக்கும் சில வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பங்கை விட்டுக்கொடுக்கிறார்கள். அன்று வாங்கினால் குழுவுக்குக் கூடுதலாகப் போய்ச் சேரும். வாங்கியதைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளவும் வேண்டும். பேண்ட்கேம்ப் 2022இல் ஒரு கைக்கும் அடுத்த ஆண்டே இன்னொரு கைக்கும் மாறியது, ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வேலை இழந்தார்கள். அதற்கும் முன்னால் மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் 2015 வரை ஏற்றப்பட்ட பாட்டுகளை எல்லாம் சர்வர் மாற்றத்தில் இழந்துவிட்டதாக 2019இல் தெரியவந்தது. சின்னக் குழுக்களின் முதல் பதிவுகள் எத்தனையோ அங்கே மட்டும்தான் இருந்தன. அதை நினைத்தால் இப்போதும் மனம் ஆறுவதில்லை.

உங்கள் நண்பரின் கேள்வி நியாயமானது. ஆனால் இந்த இசையின் மினுங்கும் கிதார் ஒலி எண்பதுகளுக்கும் முந்தையது. பன்னிரண்டு தந்திக் கிதாரில் தந்திகள் ஜோடி ஜோடியாக இருக்கும். கீழ்ச்சுருதி ஜோடி ஒவ்வொன்றிலும் ஒரு தந்தி மற்றதைவிட ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும், மேல் இரண்டு ஜோடிகள் ஒரே சுரம். அறுபதுகளில் பேர்ட்ஸ் குழுவின் ரோஜர் மெக்வின் அதைக் கம்ப்ரசர் என்ற, ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் கருவி வழியாகச் செலுத்தி, ஒலி தேயாமல் நீண்டு மினுங்கும்படி செய்தார். அதன் பிறகு வந்தவர்கள் எல்லாருக்கும் அந்த மினுக்கம் பொதுச் சொத்து. இலக்கணம் ஒன்று என்பதால் காளமேகத்தின் வெண்பாவை யாரும் நகல் என்று சொல்வதில்லையே.

கொரியாவின் பூசானைச் சேர்ந்த சே சூ மீ குழுவின் 2018 ஆல்பத்தைக் கேட்கச் சொல்லுங்கள். எதிரொலி தோய்ந்த கடலோரக் கிதார் கடலலைச் சறுக்கு விளையாட்டைச் சார்ந்த பழைய சர்ஃப் இசையில் இருப்பதுதான். ஆனால் அதன்மேல் வரும் குரலில் ஒரு களைப்பும் பிடிவாதமும் இருக்கிறது, அது அந்தப் பழைய தட்டுகளில் இல்லை. மாட்ரிட்டின் கரீன்யோ கிதாரோடு கீபோர்டையும் தாள இயந்திரத்தையும் சேர்த்து, காதல் தோல்வியை ஸ்பானிய மொழியில் ஒரே மூச்சில் பாடிவிட்டுப் போகிறார்கள். டோக்கியோவின் ஃபிளிப்பர்ஸ் கிதார் 1989இல் முதல் ஆல்பத்துக்குத் தலைப்பே கிளாஸ்கோவின் ஆரஞ்சு ஜூஸ் குழுவின் பாட்டிலிருந்து எடுத்தது, பாடியதும் ஆங்கிலத்தில். நகல் என்று சொன்னால் மறுக்க முடியாது. அதில் இருந்த கெய்கோ ஓயமதாதான் பிறகு கார்னீலியஸ் என்ற பெயரில் 1997இல் 'ஃபேன்டாஸ்மா'வைச் செய்தார். அதைப்போல அதற்கு முன் எதுவும் இல்லை. அவரை முதல் ஆல்பத்தோடு நகலென்று ஒதுக்கியிருந்தால் நஷ்டம் கேட்பவருக்குத்தான்.

கேட்கும் முறை பற்றியும் சொல்ல வேண்டும். முதல் பத்து வினாடியில் அடுத்த பாட்டுக்குத் தாவாதீர்கள். இந்தப் பதிவுகளில் பல வீட்டு அறையில் செய்யப்பட்டவை. குரல் கிதாருக்குப் பின்னால் புதைந்திருக்கும், டிரம்ஸ் சன்னமாக இருக்கும். மெட்டு மூன்றாம் முறைதான் பிடிபடும். ஒரு வாரத்துக்கு ஒரு ஈபி (சில பாட்டுகள் மட்டும் கொண்ட சிறிய வெளியீடு) போதும், அதையே திரும்பத் திரும்பக் கேளுங்கள். வெளியாவதை எல்லாம் கேட்டுவிட வேண்டும் என்று ஆரம்பித்தவர்கள் சீக்கிரம் சோர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

இப்போதைக்கு சிண்டியிலிருந்து தொடங்குங்கள். மூன்றாவது, நான்காவது பெயரில் எங்கே போய் நிற்கிறீர்கள் என்று எழுதுங்கள். எனக்குத் தெரியாத குழுவாக இருந்தால் இன்னும் மகிழ்ச்சி.

அன்புடன்.