அடுத்த கடையின் பில் ஏன் தெரிந்தது?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் மூன்று பேராகச் சேர்ந்து மென்பொருள் செய்கிறோம். புறக்கோட்டை மொத்த வியாபாரி ஒருவருக்காக, சில்லறைக் கடைக்காரர்கள் போனிலேயே ஓடர் போட ஒரு செயலியும், அதற்குப் பின்னால், செயலி சேவரிடம் தரவைக் கேட்டு வாங்கும் வாசலாக ஓர் ஏபிஐயும் எழுதிக் கொடுத்தோம். நானூறு கடைகளுக்கு மேல் பாவிக்கின்றன. போன வாரம் கொட்டாஞ்சேனைக் கடைக்காரர் ஒருவர் கூப்பிட்டு, "பிரவுசரில் பில்லைத் திறந்து கடைசி இலக்கத்தை மாற்றினால் வேறு கடையின் பில் வருகிறதே" என்றார். எச்டிடிபிஎஸ் இருக்கிறது, லொகின் இருக்கிறது, லொகின் செய்தவருக்குக் கொடுக்கும் டோக்கன் என்ற அடையாளச் சீட்டு இருக்கிறது. பிறகு எப்படி இது நடந்தது? இலக்கங்களை நீளமான எழுந்தமான இலக்கங்களாக மாற்றினால் போதுமா? ஃபயர்வோல் ஏதாவது வாங்க வேண்டுமா?

பதில்: முதலில் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். யார் எப்போது எதைக் கேட்டார்கள் என்று சேவர் எழுதி வைக்கும் லொக் கோப்புகளை வேறோர் இடத்துக்குப் பிரதி எடுத்து வையுங்கள். பல சேவர்களில் அவை சில வாரங்களில் தானாகவே அழிந்துவிடும். யார் யாருடைய பில்லைத் திறந்தார்கள் என்ற கேள்வி நாளை கட்டாயம் வரும். அதற்குப் பதில் இருக்கக்கூடிய ஒரே இடம் அதுதான்.

சரி, எப்படி நடந்தது? புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடைக்குப் போய் "1184ஆம் பில்லைத் தாருங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். கணக்குப்பிள்ளை தலையை நிமிர்த்தி உங்கள் முகத்தைப் பார்ப்பார். அந்தக் கடைக்கு வழக்கமாக வருகிறவர் என்பதற்காக யாருடைய பில்லையும் எடுத்து நீட்டிவிட மாட்டார். 1184 உங்களுடையதா என்று பார்ப்பார். உங்கள் ஏபிஐ இந்த இரண்டாவது வேலையைத்தான் செய்யவில்லை. லொகினும் டோக்கனும் வந்திருப்பவர் யார் என்பதைச் சொல்கின்றன. அவர் கேட்கும் பொருள் அவருடையதா என்பதை நீங்கள்தான் ஒவ்வொரு கோரிக்கையிலும் சேவரில் சரிபார்க்க வேண்டும். எச்டிடிபிஎஸ் வழியில் யாரும் ஒட்டுக்கேட்காமல் காக்கும், அவ்வளவுதான்.

இது உங்களுக்கு மட்டும் நடந்த தவறல்ல. ஏபிஐ ஆபத்துகளைப் பற்றி, மென்பொருள் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பு வெளியிட்ட 2019 பட்டியலிலும் 2023 பட்டியலிலும் முதலிடம் இதற்குத்தான். 2019 மே மாதத்தில் அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்ற காணி உரிமைக் காப்புறுதி நிறுவனத்தில், இணைப்பில் இருந்த இலக்கத்தை மாற்றினாலே அடுத்தவரின் ஆவணம் வந்தது வெளியே தெரிந்தது. அப்படி எட்டக்கூடியதாக இருந்த கோப்புகள் சுமார் 88 கோடியே 50 இலட்சம். அங்கே லொகின்கூடக் கேட்கப்படவில்லை.

திருத்துவது எப்படி? தரவுத்தளத்தில் பில்லைத் தேடும்போது பில் இலக்கத்தை மட்டும் கொடுத்துத் தேடாதீர்கள். பில் இலக்கம், கடை இலக்கம் இரண்டும் பொருந்தினால்தான் அந்தப் பில்லின் பதிவு வரிசை கிடைக்க வேண்டும். அந்தக் கடை இலக்கம் டோக்கனைச் சரிபார்த்த பிறகு சேவர் தானாக எடுத்ததாக இருக்கட்டும். போனில் இருந்து வரும் கோரிக்கையில் 'நான் 52ஆம் கடை' என்று எழுதியிருந்தால் அதை நம்பவே கூடாது. பொருந்தாவிட்டால் 404, அதாவது 'அப்படி ஒன்று இல்லை' என்ற பதிலை அனுப்புங்கள். 403, அதாவது 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று அனுப்பினால், அப்படி ஒரு பில் இருக்கிறது என்பதையாவது நீங்களே சொல்லிக் கொடுத்தது போலாகும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் பாவிக்கிறீர்கள் என்றால், 9.5 பதிப்பிலிருந்து வரிசை மட்டத்திலேயே அனுமதியைப் பூட்டும் வசதி இருக்கிறது. ஒரு இடத்தில் கோட் எழுதியவர் மறந்தாலும் தரவுத்தளம் மறக்காது என்பதால் எனக்கு அது பிடிக்கும்.

திருத்திய பிறகு, இரண்டு பரிசோதனைக் கடைகளை உருவாக்குங்கள். முதல் கடையாக லொகின் செய்துகொண்டு, இரண்டாவது கடையின் இலக்கங்களை ஏபிஐயின் ஒவ்வொரு இணைய முகவரியிலும் போட்டுப் பாருங்கள். பார்ப்பது மட்டும் போதாது: ஓடரை ரத்து செய்வது, கடையின் முகவரியை மாற்றுவது, பில்லை பிடிஎஃப் ஆக இறக்குவது எல்லாம். பிடிஎஃப் வழியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இந்தப் பரிசோதனையைக் கோட் ஆகவே எழுதி, புதிய பதிப்பு ஏற்றும் ஒவ்வொரு முறையும் தானாக ஓட வையுங்கள்.

எழுந்தமான இலக்கங்கள் நல்லவைதான், போடுங்கள். ஊகிப்பது கடினமாகும். ஆனால் அது பூட்டாகாது. இணைப்பு ஒன்று வட்ஸ்அப்பில் ஒருவர் கையிலிருந்து இன்னொருவருக்குப் போய்விட்டால் நீளமான இலக்கமும் கூடவே போய்விடும். ஃபயர்வோலைப் பொறுத்தவரை, இப்போதைக்குக் காசை மிச்சம் பிடியுங்கள். 1184க்குப் பதில் 1185 கேட்கும் கோரிக்கை அதன் கண்ணுக்கு முற்றிலும் ஒழுங்கான கோரிக்கை. 1185 யாருடையது என்பதை நீங்கள் எழுதிய கோட் மட்டும்தான் அறியும்.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம், நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். உங்கள் ஏபிஐ திருப்பி அனுப்புவதை ஒருமுறை முழுதாகத் திறந்து வாசியுங்கள். திரையில் பெயரும் தொகையும் மட்டும் தெரியும். பின்னால் வரும் பதிலில் கடை உரிமையாளரின் அடையாள அட்டை இலக்கம், கடன் எல்லை, வீட்டு முகவரி எல்லாம் சேர்ந்து வருவதை நான் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். நம் இலங்கை அடையாள அட்டை இலக்கம் வெறும் இலக்கமல்ல. புதிய 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 1992658 என்று தொடங்கினால் அவர் 1992 ஜூன் 6இல் பிறந்த பெண் என்று யாரும் சொல்லிவிடலாம். ஆகவே தரவுத்தள வரிசையை அப்படியே தூக்கி அனுப்பாமல், அனுப்ப வேண்டிய புலங்களைப் பெயர் குறித்து எழுதுங்கள். உள்ளே வரும் பக்கமும் அப்படியே. கடை முகவரியை மாற்ற வந்த கோரிக்கையில் யாரோ கடன் எல்லையையும் சேர்த்து அனுப்பினால், உங்கள் ஏபிஐ அதையும் வாங்கிச் சேமித்துக்கொள்கிறதா என்று பாருங்கள்.

லொகினுக்கு எஸ்எம்எஸ்ஸில் அனுப்பும் ஒருமுறை எண்ணான ஓடிபி பாவிக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். ஆறு இலக்க ஓடிபிக்குப் பத்து இலட்சம் வாய்ப்புகள்தான். செக்கனுக்கு நூறு முயற்சி என்று விட்டால், அந்த ஓடிபி காலாவதியாகாமல் இருக்கும்வரை, மூன்று மணித்தியாலத்துக்குள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாம். ஐந்து தவறான முயற்சிக்குப் பிறகு அந்த ஓடிபியையே செல்லாததாக்குங்கள், ஐந்து நிமிடத்தில் காலாவதியாகவும் வையுங்கள். ஐபி முகவரியை மட்டும் வைத்துக் கட்டுப்படுத்த வேண்டாம். மொபைல் டேட்டாவில் பல வாடிக்கையாளர்கள் ஒரே ஐபிக்குப் பின்னால் இருப்பார்கள், ஒருவரைத் தடுக்கப் போய் பத்துக் கடைகளின் ஓடர் நின்றுவிடும். தொலைபேசி இலக்கத்துக்கும் கணக்குக்கும் எல்லை வையுங்கள். எஸ்எம்எஸ் பில்லும் அதனால் கட்டுக்குள் இருக்கும்.

டோக்கனைப் பற்றிச் சுருக்கமாக: ஜேடபிள்யூடி என்ற கையொப்பமிட்ட டோக்கன் வகையைப் பாவித்தால் அதற்குள் இருப்பதை யாரும் வாசிக்கலாம், கையொப்பம் மாற்றத்தைத்தான் தடுக்கும். ஆகவே இரகசியம் எதையும் அதற்குள் வைக்காதீர்கள். எந்த முறையில் கையொப்பமிட்டது என்பதை டோக்கன் சொல்வதை வைத்து ஏற்காமல், சேவரில் நிரந்தரமாக எழுதி வையுங்கள். டோக்கனின் ஆயுள் பதினைந்து நிமிடம் போல இருந்தால் நல்லது. அன்ட்ரொய்ட் செயலிக்குள் எஸ்எம்எஸ் சேவையின் சாவியோ தரவுத்தளக் கடவுச்சொல்லோ இருந்தால், அது ஊருக்கே தெரிந்த சாவி. செயலியைப் பிரித்து வாசிக்க இலவசக் கருவிகள் தாராளமாக இருக்கின்றன. கோட் பதிப்புகளின் வரலாற்றைச் சேமிக்கும் கிட்டில் ஒருமுறை ஏறிய சாவியும் அப்படித்தான், கோப்பை அழித்தாலும் பழைய வரலாற்றில் இருக்கும். சாவியையே மாற்றுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு சிறிய நிறுவனத்தின் ஏபிஐயைப் பரிசோதிக்கப் போனேன். புதிய பதிப்பில் ஒரு குறையும் இல்லை, நன்றாக எழுதியிருந்தார்கள். இணைய முகவரியில் இருந்த 'வி2'வை 'வி1' என்று மாற்றிப் பார்த்தேன். பழைய பதிப்பு எந்தச் சோதனையும் இல்லாமல் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அதை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தார். அதைக் காட்டியபோது அங்கே விழுந்த மௌனத்தை நான் இன்னும் மறக்கவில்லை. உங்கள் பழைய பதிப்பும் பரிசோதனைச் சேவரும் எங்கே ஓடுகின்றன என்று ஒரு பட்டியல் எழுதி, வேண்டாததை இந்த வாரமே நிறுத்துங்கள்.

அப்புறம் லொக்குக்கு வருவோம். வேறு கடையின் பில்லை யாரும் திறந்திருந்தால் அந்தக் கடைகளுக்கு நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். மொத்த வியாபாரியிடம் அதற்கு முன்பே சொல்லுங்கள், தரவு அவர் பொறுப்பிலும் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உங்களுக்கும் அவருக்கும் என்ன கடமை என்பதை ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுவிடுங்கள்.

கொட்டாஞ்சேனைக் கடைக்காரரைத் திரும்பக் கூப்பிட்டு நன்றி சொன்னீர்களா? அவர் பேசாமல் இருந்திருக்கலாம், இலக்கத்தை மாற்றி மாற்றி எல்லோருடைய விலையையும் பார்த்திருக்கலாம். திருத்தி முடிந்ததும் அவரிடமே சொல்லி, மறுபடியும் ஒருமுறை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.