கேள்வி பதில்: மலையில வைக்கிற சென்சருக்கு எதுக்கு பூட்டு?

கேள்வி: மண்சரிவு வர்றதை முன்கூட்டியே தெரிஞ்சுக்க, லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேல உள்ள சரிவுல மண்ணோட ஈரம், சாய்வு அளக்குற சென்சர் பெட்டிகள் வைக்கலாம்னு தோட்டத்து பசங்க சேர்ந்து யோசிக்கிறோம். டவர் சிக்னல் இல்லாத இடம், அதனால பெட்டிக்குப் பெட்டி வயர்லெஸ்ல தகவலை கைமாத்தி கீழ உள்ள கம்ப்யூட்டருக்கு கொண்டு வரணும். செக்யூரிட்டி முக்கியம்னு சார் ஒருத்தர் சொல்றாரு. மண்ணு ஈரமா இருக்குறதுல என்னங்க ரகசியம்?
- வாசகர், அப்புத்தளை

பதில்: ரகசியம் இல்ல தம்பி, ஆனா வர்ற தகவல் உண்மையா இருக்கணும், நேரத்துக்கு வரணும். 2014 அக்டோபர் 29 காலையில பதுளை மாவட்டத்து மீரியபெத்தயில மண்சரிஞ்சு லயங்களை மூடினதை நம்ம யாரும் மறக்கல. காய்ஞ்ச நாள்ல போன மெசேஜை ஒருத்தன் பிடிச்சு வச்சு அடைமழையில திரும்ப அனுப்பினா, சரிவு பத்திரமா இருக்குன்னுதான் கம்ப்யூட்டர் காட்டும். மெசேஜ் பூட்டியே (அதாவது மத்தவங்க படிக்க முடியாத சங்கேதமா மாத்தியே) இருந்தாலும் இது நடக்கும், அதனால ஒவ்வொண்ணுக்கும் வரிசை நம்பர் போட்டு பழசு வந்தா தள்ளிடணும். பொய் அலாரமும் சாதாரணமில்ல, நடுராத்திரி ரெண்டு தடவை பிள்ளைகளைத் தூக்கிட்டு ஓடினவங்க மூணாவது தடவை எழும்பவே மாட்டாங்க.

நான் ரொம்ப பயப்படுறது சாவி விஷயத்துக்குத்தான், சாவின்னா அந்தப் பூட்டைப் போடவும் திறக்கவும் பெட்டிக்குள்ள வைக்கிற ரகசிய எண். பெட்டி தேயிலைச் செடிக்குள்ள காவலில்லாம நிக்கும், ஒண்ணைக் கழட்டிட்டுப் போய் மெமரியைப் படிச்சா சாவி கையில, எல்லா பெட்டிக்கும் ஒரே சாவின்னா மொத்த மலையும் போச்சு. லேசா செஞ்சு முடிக்கலாம்னு நிறைய பேர் அப்படித்தான் வைக்கிறாங்க, நீங்க வைக்காதீங்க, பெட்டிக்கு ஒரு சாவி குடுங்க. சின்ன பேட்டரியில ஓடுற பெட்டி தாங்குமான்னு கேப்பீங்க, டெலோஸ்பி மாதிரி பழைய பெட்டியில ரேம் வெறும் 10 கிலோபைட்தான், ஆனா அதோட ரேடியோ சிப்பே ஏஇஎஸ்-128ங்கிற சங்கேதப் பூட்டைப் போட்டுக்கும்.

இன்னொண்ணு, திருட்டுப் பெட்டி ஒண்ணு "நான்தான் கம்ப்யூட்டருக்குக் கிட்ட இருக்கேன்"னு கூவினா மத்த பெட்டியெல்லாம் அது வழியா அனுப்பும், அது முழுங்கிடும். கார்லோஃப், வாக்னர்னு ஆராய்ச்சியாளர்கள் ரெண்டு பேரும் 2003லயே இதை விளக்கி எழுதிட்டாங்க. அதனால ஒரே தகவல் ரெண்டு வழியில வரட்டும்.

ஜாமரை வச்சு ரேடியோவையே அமுக்கினா எந்தச் சாவியும் உதவாது. குறிச்ச நேரத்துக்கு "இருக்கேன்"னு ஒவ்வொரு பெட்டியும் சொல்லணும், சொல்லலைன்னா அதையே ஆபத்துன்னு எடுத்து ஆள் போய்ப் பாக்கணும், மழை நேரம்னா சரிவுல ஏறாம தூர நின்னு பாருங்க. மழைமானியையும் கைவிடாதீங்க. 24 மணித்தியாலத்துல 75 மில்லிமீட்டர் தாண்டினா கவனம், 100னா ஆயத்தம், 150னா பெட்டி என்ன சொன்னாலும் லயத்தை விட்டு இறங்கிடுங்க.