கட்டிலுக்கு அடியில் என்ன நடந்தது?

கே: 1980-இல் வந்த 'ஃப்ரைடே தி தர்டீன்த்' என்ற அமெரிக்கத் திகில் படத்தில், ஏரிக்கரைக் குடிலில் படுத்திருப்பவனின் தொண்டையைக் கீழிருந்து அம்பு துளைத்துக்கொண்டு வருகிறதே, கணினி வரைகலை இல்லாமல் அதை எப்படி எடுத்தார்கள்?

ப: நடிகர் கெவின் பேகன் கட்டிலில் படுக்கவே இல்லை. அடியில் மண்டியிட்டு, மெத்தையில் வெட்டிய ஓட்டை வழியே தலையை மட்டும் மேலே நீட்டியிருந்தார். நாம் பார்க்கும் கழுத்தும் மார்பும் போலி. ஒப்பனைக் கலைஞர் டாம் சவினி அடியிலிருந்து அம்பைக் குத்தி ஏற்ற, உதவியாளர் பம்பால் ரத்தத்தைத் தள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே பம்பின் குழாய் கழன்றுவிட்டது. போலிக் கழுத்தை அம்பு துளைத்துவிட்டால் இன்னொரு டேக் பெரும்பாடு. உதவியாளர் சட்டென்று குழாயை வாயில் வைத்து ஊதினார். மனித மூச்சு சீராகப் போகாது. அதனால் ரத்தம் நாடி துடிப்பதுபோல் விட்டுவிட்டுக் கொப்பளித்தது. அந்தக் காட்சி இன்றும் உறைய வைப்பதற்கு அம்பைவிட அந்தத் துடிப்புதான் காரணம் என்பேன். குறும்படம் எடுப்பவர்கள் மோட்டார் பம்பை விட்டுவிட்டுக் கையால் அமுக்கும் பம்பையே வைத்துக்கொள்ளுங்கள்.

கே: திரை ரத்தத்தில் என்ன கலக்கிறார்கள்?

ப: ஒப்பனை மேதை டிக் ஸ்மித்தின் கலவைதான் பலருக்கும் அடிப்படை. சுமார் 950 மில்லி வெள்ளை கார்ன் சிரப் (மக்காச்சோளப் பாகு), கெடாமலிருக்க 1 தேக்கரண்டி மெத்தில் பாரபென், 60 மில்லி சிவப்பு உணவு நிறம், 5 தேக்கரண்டி மஞ்சள் நிறம். மஞ்சளை விட்டுவிட்டால் ரோஸ் பெயின்ட் போலத் தெரியும். பாகு துணியில் ஊறாமல் முத்து முத்தாக நிற்கும் என்பதால், ஃபிலிம் கழுவும் ஃபோட்டோ-ஃப்ளோ திரவத்தையும் 60 மில்லி சேர்த்தார் ஸ்மித். அது விஷம். வாய்க்கும் கண்ணுக்கும் அருகே வரவே கூடாது. குழாயை வாயால் ஊதும் உத்தியோடு சேரவே கூடாது. ஏரிக்கரைக் குளிரில் பாகு இறுகிக் குழாயை அடைக்கும்; பாட்டிலை வெந்நீரில் வைத்திருங்கள்.

கே: அந்த ஏரி எங்கே இருக்கிறது?

ப: அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், ஒரு சாரணர் முகாமுக்குள். 1979 இலையுதிர் காலத்தில் படமாக்கினார்கள்.

கே: கடைசியில் படகுக் காட்சியில் தூக்கிவாரிப் போடுகிறதே, ஏன்?

ப: இசையமைப்பாளர் ஹாரி மான்ஃப்ரெடினி ஒரு விதி வைத்திருந்தார்: கொலையாளி அருகில் இருந்தால்தான் மிரட்டும் இசை. அந்த இசைக்காக 'கி', 'மா' என்ற ஒலிகளை மைக்கில் சொல்லி, எதிரொலிக் கருவியில் ஓடவிட்டார். படம் முழுக்க நம் காது அந்த விதிக்குப் பழகிவிடுகிறது. கடைசியில் விடிந்த ஏரி, அசையாத நீர், தாலாட்டுப் போன்ற மெல்லிசை. ஆபத்து தீர்ந்தது என்று காது முடிவுகட்டிய நொடியில்தான் நீருக்குள்ளிருந்து கைகள் எழுகின்றன. ஒலியை அணைத்துவிட்டு அதே காட்சியைப் போட்டுப் பாருங்கள். பாதி அதிர்ச்சி காணாமல் போயிருக்கும்.